படிப்பு ஊர் வந்து சேரும் வழி

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த வாலிபர் ஒருவர், புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரத்திலுள்ள நல்லவாடு கிராமத்துத் தம் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, கடல்நீர் வீட்டுக்குள் வருகிறதென்று சகோதரி பதறுவதைக் கேட்டு, உடனே ஓடிவிடும்படியும் ஊராரையும் ஓடச் சொல்லும்படியும் கூறினார். செய்தி எட்டியதும் இருவர், பூட்டியிருந்த கிராம அறிவு மையத்தின் கதவை உடைத்து உள்ளே புகுந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப எச்சரிக்கை செய்தார்கள். வீடுகளும் படகுகளும் நாசமாயின. ஆனால் 3,500-க்கு மேற்பட்ட ஜனங்கள் வசித்த அந்தக் கிராமத்தில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை.

சுனாமி பூகம்பத்தால் எழுவது. பருவநிலை மாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனினும், பருவநிலையைப் பற்றி இளைஞர்களுக்கு இணையத்தின் வழியே பயிற்சி அளிப்பதைக் குறித்துச் சிந்திக்கும்போதெல்லாம் நல்லவாட்டு ஒலிபெருக்கியே என் நினைவுக்கு வருகிறது. ஏனெனில், அது சுனாமிக்காக வாங்கப்பட்டதன்று. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி வட்டாரத்துக் கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவத் தொடங்கியது. நல்லவாட்டு மையமும் அவற்றுள் ஒன்று. இடமும் ஆட்களும் கிராமத்தாருடையவை, கருவிகள் நிறுவனத்துடையவை. வில்லியனூரிலிருந்த தலைமை மையத்தில், அமெரிக்கக் கடற்படையினர் இணையத்தில் வெளியிட்டுவந்த அலை உயர முன்னறிவிப்பை எடுத்துத் தமிழாக்கி அனுப்புவார்கள். வீராம்பட்டினத்தில் அது ஒலிபெருக்கி வழியாகக் கரையெங்கும் கேட்கும். கட்டுமரத்தைத் தள்ளுவதா வேண்டாமா என்பதை மீனவர்கள் அதைக் கேட்டுத் தீர்மானிப்பார்கள். ஏம்பலத்தில் கோயிலுக்குச் சொந்தமான இடத்தில், சுயஉதவிக் குழுப் பெண்களே மையத்தை நடத்தினார்கள்.

பிறகு 2004 அக்டோபரில் திருவையாறு, தங்கச்சிமடம், செம்பட்டி ஆகிய மூன்று ஊர்களின் மையங்கள் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையோடு இணைக்கப்பட்டன. நிபுணர் சென்னையில் இருந்து பேச, விவசாயியும் மீனவரும் தத்தம் ஊரில் இருந்தபடியே முகம் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். இன்று நாம் ஆன்லைன் வகுப்பு என்று சொல்லும் ஏற்பாடு, கையடக்கப் போன் வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்பே தஞ்சைச் சீமையிலும் ராமேசுவரக் கடற்கரையிலும் பிரத்தியட்சமாக நடந்திருக்கிறது.

இப்போதோ பாடங்களுக்குப் பஞ்சமில்லை. 2015-இல் உருவான பாரிஸ் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, பருவநிலைக் கல்வியையும் பயிற்சியையும் வளர்ப்பதில் நாடுகள் ஒத்துழைக்க வேண்டுமென்று விதிக்கிறது. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் அங்கங்கள் பல கூடி 2009-இல் தொடங்கிய கூட்டுமுயற்சி ஒன்று, ஜெனீவாவிலுள்ள யுனிடார் என்னும் பயிற்சி நிறுவனம் மூலம் இணையத்தில் பருவநிலைப் பாடங்களை இலவசமாக நடத்துகிறது. தேர்வில் தேறியவருக்கு அத்தாட்சிப் பத்திரமும் கிடைக்கிறது. நம் நாட்டில் 2017-இல் தொடங்கிய ஸ்வயம் என்னும் இணையவழிக் கல்வித் தளத்திலும் சுற்றுச்சூழல் பாடங்கள் உண்டு. கரியமில வாயு ஏன் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது, சமுத்திர மட்டம் எதனால் உயர்கிறது என்பவற்றையெல்லாம் ஒரு சிற்றூர்ப் பெண் இரவில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் கற்றுக்கொள்ள முடிவது நம் முன்னோர் கனவிலும் காணாத பாக்கியம். அதை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் இப்பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பதைவிட, அவை எந்த ஊருக்கும் உரியவையாக இல்லை என்பதே எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது. உதாரணமாக, மழையை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. இந்தச் செய்தியைப் படித்தவர் பலர். 95 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆகவே, 100 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மொட்டைமாடியில் மட்டும் அன்று விழுந்தது 95,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஏறக்குறைய எட்டு. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த ஓர் இளைஞன், தன் ஊரில் எத்தனை மாடிகள், எத்தனை தெருக்கள், அந்த நீரெல்லாம் எந்த வரத்துக்கால் வழியாக எந்த ஏரிக்குப் போக வேண்டும், ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே வழிந்து எங்கே செல்லும், அந்தப் போக்குக்காலை இன்று அடைத்துக்கொண்டு நிற்பது எது என்று தானாகவே கேட்கத் தொடங்கிவிடுவான். அந்தக் கேள்விகளுக்குரிய விடை ஜெனீவாவில் இல்லை. ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் பெரியவரிடமும் கிராம நிர்வாக அலுவலரின் வரைபடத்திலும் இருக்கிறது.

அவசரப்பட்டு மரம் நடுவதையே தொண்டென்று எண்ணிவிடும் வழக்கமும் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் வரலாறு இதற்கு நல்ல பாடம். முற்காலத்தில் அங்கே மரங்களைப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டியதால் வெயில் பட்டு மண் இறுகித் தாழ்ந்து, தொட்டிபோல் பள்ளமாயிற்று. உள்ளே வந்த ஓதநீர் வடியாமல் தேங்கி வற்ற, உப்பு ஏறிக் கன்றுகள் பிழைக்கவில்லை. சுவாமிநாதன் நிறுவனத்தாரும் வனத்துறையினரும் அங்கே முதலில் வெட்டியது வாய்க்கால்கள். ஒரு நடுவாய்க்காலும் அதிலிருந்து மீன்முள்போல் இருபுறமும் கிளைவாய்க்கால்களுமாக அமைத்து, ஓதநீர் ஏறி இறங்க வழிசெய்த பிறகே கன்றுகள் நிலைத்தன. நோயின் காரணத்தை அறியாமல் நட்டிருந்தால் அத்தனை உழைப்பும் உப்பில் கரைந்திருக்கும். இத்தகைய விஷயங்களைக் காணொளியில் காட்டலாம்; காட்டவும் வேண்டும். எனினும், முழங்கால் சேற்றில் நின்று வாய்க்காலின் சரிவைப் பார்த்தவனுக்கே அது அநுபவமாகிறது.

ஆகையால், இப்பயிற்சிகளை வகுக்கும் ஸ்தாபனங்களுக்கு நான் விண்ணப்பித்துக்கொள்வது இதுதான்: பாடத்தைத் தமிழில் தாருங்கள், பாதிப் பாடம் திரையிலும் பாதி ஊரிலும் நடக்கட்டும், கடைசித் தேர்வு ஊரார் முன்னிலையில் இருக்கட்டும். அதற்கென்று புதிதாக மன்றம் அமைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள 18 வயது யுவதிக்கும் அதில் எழுந்து பேச உரிமை உண்டு. அங்கே நிறைவேறும் தீர்மானம் பதிவேட்டில் ஏறுகிறது.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. வானிலைத் துறையினர் மழையைத் தினந்தோறும் காலை 8.30 மணிக்கு அளக்கிறார்கள். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரத்தை மரநிழலும் சுவர் மறைவும் இல்லாத வெட்டவெளியில் வைத்து, அதே நேரத்தில் அளவுகோலால் அளந்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். கோடை மழையிலிருந்தே தொடங்குங்கள். ஐப்பசிப் பாதிக்குள் உங்கள் ஊரின் மழைக் கணக்கு உங்கள் கையில் இருக்கும். நவம்பர் 1-ஆம் தேதிக் கிராம சபைக்கு அந்த நோட்டைக் கொண்டுபோய், வரத்துக்காலின் அடைப்போடு சேர்த்து ஊராருக்குப் படித்துக் காட்டுங்கள்.