ஸ்கானில் ஒன்றுமில்லை என்றால் நோய் இல்லையா?

தீராத அலுப்பு, எலும்பு நோவு, மறதி, மனச்சோர்வு, திரும்பத் திரும்ப வரும் சிறுநீரகக் கல். இவற்றைச் சொல்லும் பெண்களிடம் "எல்லாம் யோசனையால் வருவது" என்று சொல்லிவிடுவோர் உண்டு. போரில் உறவுகளை இழந்தவர்களுக்கு யோசனை இருக்கத்தான் செய்யும். ஆனால் இரத்தத்தில் கல்சியம் கூடினாலும் இதே உபாதைகள் வரலாம்.

கழுத்தில் தைரொயிட் சுரப்பியின் பின்புறம் அரிசிமணி அளவில் பொதுவாக நான்கு பராதைரொயிட் சுரப்பிகள் உள்ளன. கல்சியத்தின் அளவைக் கட்டுப்படுத்துவது இவற்றின் ஓமோன். பெரும்பாலும் இவற்றில் ஒன்று கட்டியாகப் பருத்து அளவுக்கு மீறிச் சுரக்கும்போது, எலும்பின் கல்சியம் இரத்தத்தில் கரைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடமே இந்நோய் அதிகம்.

நோயை உறுதிப்படுத்துவது இரத்தப் பரிசோதனை. கல்சியத்தையும் பராதைரொயிட் ஓமோனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்கானின் வேலை வேறு. பழுதான சுரப்பி எங்கே இருக்கிறது என்று சத்திரசிகிச்சை நிபுணருக்குக் காட்டுவதே அது.

ஸ்கான் ஏன் தவறுகிறது?

செஸ்டமிபி ஸ்கானில் சிறிதளவு கதிரியக்க மருந்தை நாளத்தில் ஏற்றிப் படமெடுப்பர். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தின் பின் மீண்டும் எடுப்பர். தைரொயிட்டிலிருந்து மருந்து விரைவில் வெளியேற, பழுதான சுரப்பியில் அது தங்கிநிற்கும். ஆனால் கட்டி மிகச் சிறிதானால், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் பருத்திருந்தால் படத்தில் தெரியாமற் போகலாம். சில கட்டிகள் மருந்தை விரைவாகவே விட்டுவிடும். தைரொயிட் கழலையோ மருந்தைப் பிடித்துவைத்து இல்லாத கட்டியைக் காட்டும். படமெடுக்கையில் அசைந்தாலும் படம் கலங்கும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் செய்பவரின் அனுபவம் முக்கியம். நெஞ்செலும்பின் பின்னே ஒளிந்த சுரப்பி அதில் தெரியாது. இவ்வகை ஸ்கான்கள் இல்லாத காலத்தில், சார்ள்ஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவருக்கு ஆறு சத்திரசிகிச்சைகளிலும் அகப்படாத கட்டி, 1932இல் ஏழாவது முறை நெஞ்சுக்குள்ளேதான் கிடைத்தது.

நாம் செய்யக்கூடியவை

கர்ப்பிணியா, பாலூட்டுபவரா என்பதை ஸ்கானுக்கு முன்பே சொல்லுங்கள். தைரொயிட் வருத்தம், முன்னர் கழுத்தில் செய்த சத்திரசிகிச்சை, குடிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் தெரிவியுங்கள். குளிசைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இரத்த அறிக்கை நோயைக் காட்டி, ஸ்கான் காட்டாவிட்டால் மனம் தளர வேண்டாம். "இரத்த அறிக்கைப்படி எனக்கு என்ன? வேறு ஸ்கான் தேவையா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஸ்கான் காட்டாத கட்டியையும் அனுபவமுள்ள நிபுணர் கண்டெடுத்து அகற்றுவதுண்டு. ஆகவே, இரத்த அறிக்கைகளை எறிந்துவிடாமல் ஸ்கான் படங்களோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.