வெனிஸின் கட்டில் கணக்கு

வெனிஸில் ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் 2008 முதல் ஓர் எண் ஒளிர்கிறது. தீவு நகரில் குடியிருப்போர் எண்ணிக்கை அது. 1951-இல் சுமார் 1,75,000 பேர். 2009-இல் 60,000-க்குக் கீழே இறங்கியதும், ஊர்க்காரர்கள் படகில் சவப்பெட்டி ஏற்றித் தங்கள் ஊருக்கே சாவு ஊர்வலம் நடத்தினார்கள். 2022-இல் எண்ணிக்கை 50,000-க்கும் கீழே போயிற்று.

அடுத்த ஆண்டு, சாந்தா மார்கெரீத்தா சதுக்கத்துப் புத்தகக்கடை ஒன்றில் இன்னோர் எண் ஏறியது. பயணிகளுக்கென உள்ள படுக்கைகளின் எண்ணிக்கை; கணக்கெடுத்தது குடியிருப்போர் குழு ஒன்று. அந்தச் செப்டம்பரிலேயே ஆட்களைப் படுக்கைகள் முந்திவிட்டன: 49,304 பேர், 49,693 படுக்கைகள்.

என்னைக் கேட்டால், வெனிஸ்காரர்களின் போராட்டங்களில் உருப்படியானது இந்தக் கணக்குதான். ராட்சதக் கப்பல்களை எதிர்த்துப் பல ஆண்டுகள் கத்தினார்கள். 2021 ஆகஸ்டில் ஜூதெக்கா கால்வாயில் அவற்றுக்குத் தடை வந்தது. கப்பல் வெளியூர்க்காரனுடையது, திட்டுவது சுலபம். கட்டில் அப்படியா? பல சமயம் பாட்டி வீட்டைப் பயணிகளுக்கு விட்டுவிட்டுக் கரையிலுள்ள மெஸ்த்ரேவுக்குக் குடிபோன பழைய அண்டைவீட்டுக்காரர்தான் அதன் சொந்தக்காரர்.

2024 ஏப்ரல் 25, ஊரின் காவல் புனிதர் மார்க் திருநாள். அன்று முதல், அந்த ஆண்டின் நெரிசல் நாட்களில் பகலில் வந்துபோவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். ஊரைக் கேளிக்கைப் பூங்கா ஆக்கிவிட்டார்கள் என்று குடியிருப்போர் கொதித்தார்கள். எனக்கு உறுத்துவது வேறு. இரவு தங்குபவருக்கு இந்தக் கட்டணம் கிடையாது. வீட்டைக் காலி செய்யவைத்த கட்டிலை அது தொடவே இல்லை.

சுற்றுலா இல்லாவிட்டால் சோறு ஏது என்று கேட்பவர்களும் அங்கே உண்டு, நியாயம்தான். ஆனால் பயணிக்குப் பரிமாறும் ஊழியருக்கே தீவில் வாடகை கட்டுப்படியாகவில்லையே! ஆண்டில் 120 நாளைத் தாண்டும் குறுகியகால வாடகைக்குக் கடிவாளம் போட, 2022-இலேயே இத்தாலியச் சட்டம் வெனிஸுக்கு இடம் கொடுத்தது.

அந்தக் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க நகராட்சியிடம் சொல்ல ஆள் வேண்டும். வீடு விடுதியானால் ஒரு குடும்பத்தின் வாக்கும் தீவைவிட்டுப் போகிறது. கரைப்பகுதியும் ஒரே நகராட்சி என்பதால் தீவுக்காரர்கள் ஏற்கெனவே சிறுபான்மை. தனி நகராட்சி கேட்டு 2019 டிசம்பரில் ஐந்தாவது முறையாகப் பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மை பிரிவினைக்கே ஆதரவு. ஆனால் பாதிப் பேராவது வரவேண்டிய வாக்குச்சாவடிக்கு வந்தது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. வாக்கெடுப்பு செல்லாமல் போனது.