கேமுக்காகப் புது லேப்டாப்பா? இஎம்ஐ போடும் முன் இந்த 5 நிமிஷ டெஸ்ட் பண்ணுங்க



"பையன் 60,000 ரூபாய்க்கு கேமிங் லேப்டாப் கேட்கிறான், நோ காஸ்ட் இஎம்ஐ இருக்காம், போடலாமா சார்?" கடலூர் அப்பாக்கள் இப்படிக் கேட்கிறாங்க. அண்ணாமலைநகர் ஹாஸ்டல் பசங்க கேட்கிறது வேற மாதிரி: "வாலரன்ட்ல 40 எஃப்பிஎஸ்தான் வருது சார், என்ன வாங்கலாம்?"

ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். எது தடையா இருக்குன்னு தெரியாம எதையும் வாங்காதீங்க.

எஃப்பிஎஸ் ஏன் முக்கியம்?

ஒரு நொடியில் திரைக்கு எத்தனை படம் வருதுங்கிற கணக்குதான் எஃப்பிஎஸ். 30 வந்தா ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் 33 மில்லி செகண்ட் இடைவெளி. 60 வந்தா அது 17 ஆகக் குறையும். சுவர் மறைவிலிருந்து எட்டிப் பார்க்கும் எதிரி உங்க கண்ணுக்கு முன்கூட்டியே தெரிவான். அதனால பசங்க கேட்கிறதுல நியாயம் இருக்கு. செலவு எங்கே பண்ணணும்ங்கிறதுதான் கேள்வி.

5 நிமிஷ டெஸ்ட்

சார்ஜரை மாட்டுங்க. பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். கேம் செட்டிங்கில் எஃப்பிஎஸ் எண்ணை ஆன் பண்ணி, பிராக்டிஸ் ரேஞ்சுக்குப் போய் வர்ற எண்ணைக் குறிச்சுக்கோங்க. அடுத்து ரெசல்யூஷனை 1920x1080-லிருந்து 1280x720 ஆக்குங்க. முன்னாடி ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் வரையணும். இப்போ 9.2 லட்சம்தான். கிராபிக்ஸ் வேலை பாதிக்கும் கீழே போயிடுச்சு.

எஃப்பிஎஸ் நல்லா ஏறினா, தடை கிராபிக்ஸ்ல இருக்கு. குறைந்த ரெசல்யூஷன், லோ செட்டிங், ஆன்டி அலையாசிங் ஆஃப், விசிங்க் ஆஃப். இவ்வளவும் இலவசம்.

எஃப்பிஎஸ் அசையவே இல்லைன்னா, தடை பிராசஸர், ராம் அல்லது சூடு. வாலரன்ட் இயல்பிலேயே பிராசஸரை அதிகம் நம்பும் கேம். இந்த நிலைமையில் டெஸ்க்டாப்புக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டாலும் பெரிய பலன் கிடைக்காது. முதல்ல பின்னணியில் ஓடும் குரோம் டேப்களை மூடுங்க, மல்டி திரெட் ரெண்டரிங் ஆன் பண்ணுங்க.

ஆரம்பத்தில் 70, அப்புறம் 45?

20 நிமிஷத்துல எஃப்பிஎஸ் இறங்கினா காரணம் பெரும்பாலும் சூடு. பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைக்குது. நம்ம கடலோர ஊர்கள்ல வெயிலோட ஈரப்பதமும் தூசியும் சேர்ந்துக்கும். லேப்டாப்பை மெத்தை மேல வெச்சா காத்துத் துளையும் அடைபடும். கெட்டியான மேசையில் வைங்க. வாரண்டி முடிஞ்ச மெஷின்னா, சர்வீஸ் கடையில் ஃபேனைச் சுத்தம் பண்ணி தெர்மல் பேஸ்ட் மாத்தச் சொல்லுங்க. சில நூறு ரூபாய் வேலை.

காசு போடணும்னா முதல்ல ராம்

தனி கிராபிக்ஸ் இல்லாத பட்ஜெட் லேப்டாப்பில் கிராபிக்ஸும் ராமைத்தான் பங்கு போட்டுக்கும். ஒரே ஒரு டிடிஆர்4 3200 ராம் இருந்தா நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி டேட்டா போகும். ஜோடியா ரெண்டு போட்டா 51.2 ஜிபி. ஒருவழிச் சாலை இருவழி ஆன மாதிரி. ஆனா சில மாடல்கள்ல ராம் போர்டோடவே ஒட்டியிருக்கும். காலி ஸ்லாட் இருக்கான்னு பார்த்துட்டுக் கடைக்குப் போங்க. 2025 கடைசியில் ராம் விலை ரொம்பவே ஏறிடுச்சு, ரெண்டு மூணு இடத்தில் விசாரிங்க. அரசு கொடுத்த லேப்டாப்னா திறக்கும் முன் வாரண்டி விதியைப் படிங்க.

'எஃப்பிஎஸ் பூஸ்டர்' வேண்டாம்

டெலிகிராமில் வர்ற பூஸ்டர் ஃபைல், 'கேமிங் விண்டோஸ்' எல்லாம் முதல்ல ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்லும். அதே லேப்டாப்பில்தான் அப்பா நெட் பேங்கிங் பார்ப்பார். 20 எஃப்பிஎஸ்க்காக வீட்டு சேமிப்பைப் பணயம் வைக்காதீங்க. ஏற்கனவே பணம் போயிருந்தா தாமதிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க.

இப்போ இஎம்ஐ கணக்கு

கிரெடிட் கார்டு நோ காஸ்ட் இஎம்ஐயில் பேங்க் வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்குத் தொகையைத் தள்ளுபடியா முன்னாடியே கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையில்தான். வட்டி 4,000 ரூபாய்னு வெச்சுக்கிட்டா ஜிஎஸ்டி 720. பிராசஸிங் ஃபீ தனி.

இன்னொரு விஷயம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 40%. 60,000 ரூபாய் லேப்டாப் முதல் வருஷக் கடைசியில் 36,000, ரெண்டாவது வருஷம் 21,600. சந்தை விலை இதே எண்ணில் நிற்காது, ஆனா போற திசை இதுதான்.

அப்போ புதுசு வாங்கவே கூடாதா? வாங்கலாம். படிப்புக்கு டிசைன், எடிட்டிங் மாதிரி கனமான சாஃப்ட்வேர் தேவைப்பட்டா அது நியாயமான செலவு. கேமுக்கு மட்டும்னா, மேலே சொன்னதையெல்லாம் செஞ்சு பாருங்க. 60 ஹெர்ட்ஸ் திரையில் நிலையா 60 எஃப்பிஎஸ் வந்துட்டா, மாசம் 5,000 ரூபாய் இஎம்ஐக்கு அவசியமே இல்லை.

பெற்றோர்களே, 'கேமுக்கெல்லாம் காசு கிடையாது'ன்னு ஒரே வார்த்தையில் முடிக்காதீங்க. டெஸ்ட் முடிவை ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டச் சொல்லுங்க. செலவு பண்ணும் முன் காரணம் காட்டுற பழக்கம் அவங்களுக்கு எந்த லேப்டாப்பை விடவும் ரொம்ப நாள் உழைக்கும்.