மலாவியில் உதவிப் பணியாளர்களின் அன்றாட வாழ்க்கை

மருத்துவம், கல்வி, வேளாண்மை, குடிநீர், பேரிடர் நிவாரணம் போன்ற துறைகளில் பணியாற்றுவதற்காக வறிய நாடு ஒன்றுக்கோ ஒரு நாட்டின் பின்தங்கிய பகுதிக்கோ அனுப்பப்படுபவர் உதவிப் பணியாளர் எனப்படுகிறார். புதிய இடத்தின் உணவு, மொழி, நோய்கள், வழக்கங்கள் ஆகியவற்றுக்குப் பழகிக்கொள்வதும் அவரது வேலையின் ஒரு பகுதியாகும். தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியின் கிராமங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

பின்னணி

மலாவி கடற்கரை இல்லாத நாடு. 1964 சூலை 6 அன்று பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்றது. தலைநகர் லிலோங்வே. மக்களில் பெரும்பாலோர் சிறு நிலங்களில் மக்காச்சோளம் பயிரிடும் உழவர்கள். நியாசாலாந்து என்ற பழைய பெயரில் இந்நாடு இருந்த 1963 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்புத் தன்னார்வலர்கள் இங்கு வரத் தொடங்கினர். அவர்களின் பணிக்காலம் பொதுவாக 27 மாதங்கள். தொடக்கப் பயிற்சியின்போது உள்ளூர்க் குடும்பம் ஒன்றுடன் தங்கி, சிச்சேவா மொழியையோ வடக்கே பேசப்படும் தும்புகா மொழியையோ கற்கின்றனர்.

உதவிப் பணியாளர் என்றால் வெளிநாட்டவர் என்று எண்ணுவது பிழை. உலகெங்கும் இவர்களில் பெரும்பான்மையினர் அந்தந்த நாட்டவரே. லிலோங்வேயில் வளர்ந்த செவிலியர் தொலைதூரக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டால், கீழே சொல்லப்படுவனவற்றில் பல அவருக்கும் பொருந்தும்.

பண்பாட்டு அதிர்ச்சி

பழகிய சூழல் மாறும்போது ஏற்படும் மனக்குழப்பம் பண்பாட்டு அதிர்ச்சி எனப்படுகிறது. மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1950களில் இச்சொல்லைப் பரவலாக்கினார். முதலில் எல்லாம் இனிதாகத் தோன்றும், பின்னர் எரிச்சலும் வீட்டு நினைவும் வரும், அதன்பின் மெல்ல மெல்லப் பழக்கம் ஏற்படும் என்று அவர் படிநிலைகளாக விளக்கினார். எல்லோருக்கும் இந்த வரிசையிலேயே இது நடப்பதில்லை. பெரிய துன்பங்களைவிடச் சிறியவையே பலரைச் சோர்வடையச் செய்கின்றன. தெருவில் இறங்கும்போதெல்லாம் குழந்தைகள் வெளிநாட்டவரைக் குறிக்கும் 'அசுங்கு' என்ற சொல்லைக் கூவிக்கொண்டு பின்தொடர்வது அவற்றுள் ஒன்று.

தண்ணீர், விளக்கு, உணவு

கிராமங்களில் குடிநீர் பெரும்பாலும் கைப்பம்புகளில் கிடைக்கிறது. அதிகாலையில் பெண்கள் வாளிகளுடன் வரிசையில் நிற்பார்கள். நிறைந்த வாளியைத் தலையில் சுமக்கத் தெரியாத புதியவர் அவர்களின் சிரிப்புக்கு ஆளாவார். ஆனால் பெரும்பாலும் அங்கேதான் முதல் நட்பு கிடைக்கிறது. தண்ணீரைக் காய்ச்சியோ வடிகட்டியோ குடிப்பது நல்லது.

நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஷீரே ஆற்றின் நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது. 2022 சனவரியில் அனா புயல் கபிச்சிரா நிலையத்தைச் சேதப்படுத்தியபோது நாடு முழுவதும் மின்வெட்டு கூடியது. மின்கம்பி எட்டாத ஊர்களில் சூரிய விளக்கும் டார்ச்சும்தான் துணை.

அன்றாட உணவு ந்சிமா. இது மக்காச்சோள மாவில் கிண்டும் கெட்டியான களி. கீரை, பயறு அல்லது சிறு மீன் கொண்ட தொடுகறியுடன் கையால் உண்ணப்படுகிறது. உண்பதற்கு முன் ஒருவர் நீர் வார்க்க மற்றவர்கள் கை கழுவுவர். ந்சிமா உண்ணாவிட்டால், வேறு எதைச் சாப்பிட்டாலும் சாப்பிட்டதாகப் பலர் கருதுவதில்லை.

உடல்நலம்

மலேரியா ஆண்டு முழுவதும் உண்டு, மழைக்காலத்தில் மிகுதி. கொசுவலையும் தடுப்பு மாத்திரையும் கட்டாயம். சில மாதங்கள் கழித்து, "இதுவரை ஒன்றும் வரவில்லையே" என்று மாத்திரையை நிறுத்துவது பலர் செய்யும் தவறு. மலாவி ஏரியில் குளிப்போருக்கு நத்தைகள் வழிப் பரவும் பில்ஹார்சியா நோய் வரக்கூடும். இதன் புழு தோலைத் துளைத்து உடலுள் நுழைகிறது. பிராசிகுவான்டல் என்ற மருந்தால் இதைக் குணப்படுத்தலாம்.

வணக்கமும் சாவு வீடும்

மலாவியில் நலம் கேட்காமல் பேச்சைத் தொடங்குவது மரியாதைக் குறைவு. கடைக்காரரிடம்கூட 'முலி ப்வாஞ்சி' என்று நலம் விசாரித்த பிறகே பொருளைக் கேட்க வேண்டும். உடையிலும் கவனம் தேவை. கிராமத்துப் பெண்கள் பாவாடை மீது சிட்டெஞ்சே என்ற துணியைச் சுற்றிக்கொள்கின்றனர். அதிபர் பண்டா ஆட்சியில் பெண்கள் கால்சட்டை அணியச் சட்டமே தடை விதித்திருந்தது. 1990களில் தடை நீங்கினாலும் கிராமங்களில் பழைய எதிர்பார்ப்பு முற்றிலும் மறையவில்லை.

ஊரில் ஒருவர் இறந்தால் வயல் வேலையும் கூட்டங்களும் நின்றுவிடும். பல நாள் திட்டமிட்ட பயிற்சி வகுப்பு இப்படி ரத்தாகும்போது புதியவர் சினம் கொள்வது இயல்பு. ஆனால் அன்று சாவு வீட்டுக்குப் போய், இயன்ற சிறு தொகையைக் கொடுத்து, மற்றவர்களோடு தரையில் அமர்பவரையே ஊரார் தம்மில் ஒருவராகக் கருதுகின்றனர். அடுத்த வகுப்புக்கு ஆட்கள் வருவதும் இதைப் பொறுத்தது.

பசிக்காலம்

மழை நவம்பரில் தொடங்குகிறது, அறுவடை ஏப்ரல் வாக்கில் வருகிறது. இடைப்பட்ட சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் பல வீடுகளின் குதிர் காலியாகிவிடும். 2002 இல் இந்தக் காலம் பஞ்சமாகவே மாறியது. சாதாரண ஆண்டுகளிலும் பல குடும்பங்கள் ஒருவேளை உணவைக் குறைத்துக்கொள்கின்றன.

உதவிப் பணியாளருக்கு மிகக் கடினமான நாட்கள் இவையே. அவரது சம்பளம் நிற்பதில்லை, அவர் வீட்டில் மாவு இருக்கிறது. தண்ணீர் வரிசையில் நட்பான பெண்ணே வாசலில் வந்து கேட்கிறார். கொடுத்தால் நாளை பத்துப் பேர் வரலாம். மறுத்தால் அன்று உண்ணும் உணவு தொண்டையில் இறங்காது. சிலர் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். சிலர் கையிலிருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் கசப்போடு வெளியேறுகின்றனர்.

இதற்கு முழுமையான விடை இல்லை. ஆனால் ஊரிலேயே உள்ள வழிகள் உதவுகின்றன. வசதி குறைந்தவர் வசதியுள்ளவரின் வயலிலோ வீட்டிலோ சில நாட்கள் வேலை செய்து, பணமோ மாவோ பெறும் 'கன்யு' வழக்கம் மலாவியில் உண்டு. வேலியைச் சரிசெய்யவோ தோட்டம் கொத்தவோ ஆள் அமர்த்தி நியாயமான கூலி கொடுத்தால், கேட்பவரின் மானமும் காக்கப்படுகிறது. பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியிலேயே நேரடியாகக் கட்டலாம். யாருக்கு உண்மையில் அவசரம் என்பதை ஊர்த்தலைவரிடமோ அனுபவமுள்ள உள்ளூர்ப் பணியாளரிடமோ கேட்டறியலாம். வறுமைச் சூழலுக்குப் பழகுவது என்பது அடுத்தவர் பசி கண்ணில் படாமல் போவதல்ல. கண்ணில் பட்டும் அங்கேயே தங்கி வேலையைத் தொடர முடிவதே பழகுவதாகும்.

ஊர் திரும்புதல்

பணி முடிந்து வீடு திரும்புவோருக்கு எதிர்மாறான அதிர்ச்சி ஏற்படுவதுண்டு. குழாயைத் திறந்ததும் தண்ணீர் வருவதும், கடையில் இருபது வகைப் பிஸ்கட் இருப்பதும் முன்பு கண்ணில் படாதவை. உறவினர் ஓரிரு கேள்விகளோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். இதுவும் சில மாதங்களில் தணியும். முன்பு அப்பணி செய்தவர்களோடு பேசுவதும், பழகிய கிராமத்தாரோடு தொடர்பு விடாமல் இருப்பதும் உதவும்.