மூச்சைத் திறந்து மூடும் நாணல்

கேளம்பாக்கத்தில் ஒரு முகூர்த்தக் காலை. நாகஸ்வரக்காரர் வாத்தியத்தை எடுத்தவுடன் ஊதிவிடவில்லை. அதில் சரமாகத் தொங்கிய நாணல் சீவாளிகளில் ஒன்றைக் கழற்றி வாயில் ஊறவைத்தார். தனியே ஊதிப் பார்த்தார், திருப்தியில்லை. அடுத்ததும் அப்படியே. நாலாவதுதான் குழல் முனையிலுள்ள கெண்டையில் ஏறியது. “கோவளம் பக்கம்ல தம்பி, கடக்காத்து. ஊர்ல நல்லாப் பேசின சீவாளி இங்க வேற மாதிரி பேசும்” என்றார்.

அவர் சொன்னது சுத்தமான இயற்பியல். நாணல் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் உப்பும், நெகிழும். அதன் அதிர்வும் மாறும். சீவாளியின் இரண்டு இதழ்களுக்கும் நடுவே இருப்பது மெல்லிய இடுக்கு. மூச்சு அதற்குள் பாயும்போது இதழ்கள் மூடிக்கொள்ளும், உடனே திறக்கும். இரண்டு கட்டை சுருதியில் ஷட்ஜம் பிடித்தால் நொடிக்கு ஏறக்குறைய 290 தடவை இது நடக்கிறது. குழல் மேலே குறுகிக் கீழே விரிவதால், அழுத்தி ஊதினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். நேர்குழாயான கிளாரினெட்டோ ஸ்தாயியைத் தாண்டி, அதற்கும் மேலுள்ள பஞ்சமத்துக்குத் தாவிவிடும்.

சீவாளிக்கு ஊர் திருவாவடுதுறை. காவிரிப் படுகையின் கொறுக்கந்தட்டையை வெட்டிக் காயவைத்து, நெல் அவிக்கும்போது கூடவே போட்டு வேகவைத்து, மறுபடி உலர்த்துவார்கள். ஒரு முனையை நூலால் இறுக்கிக் கட்டி, மறுமுனையை உதடுபோலத் தட்டையாக்கிச் சீவுவார்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் கிடையாது. ஒரு இழை கூடுதலாகச் சீவினால் நாதம் போயிற்று. அப்பா சீவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பார்த்த பிள்ளைக்கு மட்டும் விரல் நுனியில் அது தெரியும்.

குழலுக்கு ஊர் பக்கத்திலேயே, ஆடுதுறையை ஒட்டிய நரசிங்கம்பேட்டை. ஆச்சா மரம்தான் வேண்டும். அதுவும் பழைய வீட்டின் தூணாகவோ உத்திரமாகவோ பல காலம் நின்ற மரம். ஈரமெல்லாம் வற்றிய மரம் இனிச் சுருங்காது, வெடிக்காது. கடைந்த துளை கடைந்தபடி நிற்கும். குட்டையான திமிரி நாகஸ்வரத்தை நீட்டிப் பாரி என்னும் நீளமான வாத்தியம் செய்தபோது மத்யமம் சுத்தத்துக்கும் பிரதிக்கும் நடுவில் தடுமாறியது. துளைகளின் இடத்தையும் குழலின் உள்வாட்டத்தையும் மாற்றி, 1955இல் சுத்த மத்யமம் நேராகப் பேசும் பாரியைச் செய்தவர் ரங்கநாதன் ஆச்சாரி. நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் கைக்குப் போன வாத்தியம் அது. ஆய்வுக்கூடம் இல்லை, கடைசல் பட்டறையும் காதும்தான். அதை நான் அறிவியல் என்றே சொல்வேன்.

2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டறையில் உட்கார இன்று சில குடும்பங்களே மிச்சம். வாசிப்பவர் இருந்தால்தான் சீவாளிக்கு வேலை, குழலுக்கு வேலை. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கெட்டிமேளத்தை ஒலிபெருக்கியில் போடாதீர்கள். ஒரு மேளம் வையுங்கள். பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்து, அந்தச் சீவாளியைக் காட்டுங்கள்.