கராஜில் ஒரு விமானம்... அதுக்குச் சக்கரம் மாட்டுறது எப்படி?

பைக் வீலைக் கழற்றி மாட்டிய அனுபவம் இருக்கா? அப்போ இது உங்களுக்குப் பாதி தெரிஞ்ச விஷயம்தான். மீதிப் பாதியில்தான் சிக்கலே!

அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே விமானம் கட்டுபவர்கள் நிறைய பேர். பெரும்பகுதி வேலையைத் தாங்களே செய்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். '51 சதவிகித விதி' என்பார்கள். ஒரிகான் மாநிலத்தின் வேன்ஸ் நிறுவனம் விற்கும் 'ஆர்.வி' கிட்களில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டவை பறந்திருக்கின்றன.

இந்த மாதிரி சின்ன விமானங்கள் பலவற்றில் ஷாக் அப்சார்பர் கிடையாது. ஸ்டீல் காலே வளைந்து நிமிரும், அதுதான் ஸ்பிரிங். ஸ்டீவ் விட்மன் என்ற ரேஸ் பைலட்டின் ஐடியா இது. செஸ்னா நிறுவனமே அவரிடம் உரிமையை வாங்கியது. வளைகிற கால் என்பதால், மாட்டும்போது ஸ்பேனர் பட்டு ஆழமா ஒரு கீறல் விழுந்தாலும் ஆபத்து. ஒவ்வொரு லேண்டிங்கிலும் அழுத்தம் அந்தக் கீறலில் குவிந்து, விரிசல் அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது அலைன்மென்ட். காருக்குக் கடையில் கொடுத்துப் பார்ப்போமே, அதேதான். ஆனா இங்கே கடை கிடையாது. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, சாக்பீஸ், ஒரு நீளமான நூல்... இவ்வளவுதான் கருவி. விமானத்தின் நடுக்கோட்டைத் தரையில் வரைந்து, இரண்டு சக்கரமும் அதற்கு இணையாக நிற்கிறதா என்று அளப்பார்கள். தகடு போன்ற கால் என்றால், ஆக்ஸிலுக்கும் காலுக்கும் நடுவே மெல்லிய 'ஷிம்' செருகிச் சரிசெய்வார்கள்.

இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்? வாலில் குட்டிச் சக்கரம் உள்ள விமானங்களில் எடையின் மையம், முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். பின்பாரம் ஏற்றிய தள்ளுவண்டி மாதிரி. ஓடுபாதையில் லேசா திரும்பினாலும், அந்தப் பின்பாரம் இன்னும் திருப்பிவிடும். பைலட் பிடிக்கத் தவறினால் விமானம் சுழன்று, இறக்கை தரையில் உரசும். 'கிரவுண்ட் லூப்' என்பது இதுதான். சக்கரமும் கோணலா இருந்தால், வினையைக் கூடவே கூட்டிப்போன கதை!

மூக்குச் சக்கரம் இருந்தால் தப்பிச்சிடலாமா? அதுவும் இல்லை. ஆர்.வி-களில் சில, மூக்குச் சக்கரக் கால் மடங்கித் தலைகுப்புறக் கவிழ்ந்தன. 2007-ல் நிறுவனம், தரைக்கும் ஃபோர்க்குக்கும் இடைவெளி அதிகம் உள்ள புதிய பாகங்களைக் கொண்டுவந்தது.

பிரேக்கில் பைக்காரர்கள் கட்டாயம் சொதப்புகிற இடம் ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் 'டாட்' பிரேக் ஆயிலை ஊற்றினால், இந்த விமானங்களின் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். இதற்கென்று சிவப்பு நிற ஹைட்ராலிக் ஆயில் இருக்கிறது. அதையும் பலர் கீழே, சக்கரத்தின் பக்கமிருந்து மேல்நோக்கி ஏற்றுவார்கள். காற்றுக்குமிழ் தானாக மேலே போய்விடும்.

கடைசியா, ஆக்ஸில் நட். அதிகமா இறுக்கினால் பேரிங் சூடாகும், தளர்த்தினால் சக்கரம் ஆடும். சரியான இடம் வந்ததும் ஸ்ப்ளிட் பின். கழற்றின பழைய பின்னை மறுபடி போடவே கூடாது. மற்ற போல்ட்டுகளில், டார்க் ரென்ச்சால் இறுக்கியதும் நட்டுக்கும் உலோகத்துக்கும் குறுக்கே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு இழுப்பார்கள். நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் காய்ந்த கோடு உடைந்துவிடும். பறக்கும் முன்னால் குனிந்து அந்தக் கோட்டைப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.