வான் அரண்

நுழையும்முன்

ஒரு நாட்டின் எல்லை நிலத்தோடும் நீரோடும் முடிந்துவிடுவதில்லை. தலைக்குமேல் விரிந்துள்ள வானுக்கும் எல்லை உண்டு; அதற்கும் காவல் வேண்டும். அக்காவற்பணியை ஏற்றுள்ள இந்திய விமானப்படையின் தோற்றத்தையும் அமைப்பையும், போரிலும் பேரிடரிலும் அது ஆற்றும் தொண்டையும் இப்பாடம் விளக்குகிறது.

ஐந்தாம் அரண்

திருக்குறளின் ‘அரண்’ அதிகாரம் நீர், நிலம், மலை, காடு ஆகியவற்றை நாட்டின் அரண்களாகக் கூறுகிறது. பகைவர் நடந்தும் குதிரையேறியும் கலம் செலுத்தியும் வந்த காலத்தில் இந்நான்கும் போதுமானவையாக இருந்தன. 1903ஆம் ஆண்டு ரைட் உடன்பிறந்தோர் விசைப்பொறி பொருத்திய வானூர்தியில் பறந்து காட்டியபின் அந்நிலை மாறியது. மலையும் கடலும் தடையாக நின்ற இடங்களை வானூர்தி எளிதில் கடந்தது. முதல் உலகப்போர் முடியும்முன்பே, 1918ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில், பிரிட்டன் தன் வான்பிரிவுகளை ஒருங்கிணைத்துத் தனிப்படையாக அமைத்தது. வான் என்னும் ஐந்தாம் அரணின் தேவையை உலக நாடுகள் உணரத் தொடங்கின.

நான்கு விமானங்களில் தொடக்கம்

இந்திய விமானப்படை 1932ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சட்டமுறைப்படி நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளே விமானப்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1933ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் அதன் முதல் அணி உருவாயிற்று. நான்கு வாபிடி வகை விமானங்கள், இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற 6 அலுவலர்கள், 19 வீரர்கள் என்பதே அன்றைய வலிமை. ஆட்சியாளரின் தரைப்படைக்குத் துணைசெய்வதே அன்று அதற்கு இடப்பட்ட பணி.

இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் ஆற்றிய பணிக்காக 1945இல் இப்படைக்கு ‘ராயல்’ என்னும் அடைமொழி வழங்கப்பட்டது. இந்தியா குடியரசான 1950இல் அது நீக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது விமானங்களும் வீரர்களும் இரு நாடுகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டனர். படை பிறந்த கராச்சி பாகிஸ்தானுக்குரியதாயிற்று. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் சுப்ரதோ முகர்ஜி படைத்தலைவர் பொறுப்பை ஏற்றார். இப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியரான அவர், கராச்சியின் முதல் அணியில் பணியாற்றிய விமானிகளுள் ஒருவராவார்.

போர்க்களப் படிப்பினைகள்

விடுதலை பெற்ற சில வாரங்களிலேயே படைக்குச் சோதனை வந்தது. 1947 அக்டோபர் 27ஆம் நாள் டகோட்டா விமானங்கள் தரைப்படையினரை ஏற்றிச் சென்று ஸ்ரீநகரில் இறக்கின. சாலைவழியே சென்றிருப்பின் உரிய காலத்தில் படை சேர்ந்திராது. 1948இல் மெஹர் சிங், 11,000 அடி உயரத்திலுள்ள லே பகுதியில் அமைக்கப்பட்ட கரடுமுரடான ஓடுதளத்தில் டகோட்டாவை இறக்கிக் காட்டினார். குண்டு வீசாமலும் விமானப்படை ஒரு போரின் போக்கை மாற்றக்கூடும் என்பதற்கு இவை சான்றாகும்.

1962ஆம் ஆண்டுச் சீனப்போர் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. அப்போரில் போக்குவரத்து விமானங்களும் ஹெலிகாப்டர்களும் உணவையும் ஆயுதங்களையும் பனிமலைகளுக்குச் சுமந்து சென்றன. தாக்கும் விமானங்களோ ஏவப்படவில்லை. போர் நகரங்களுக்குப் பரவிவிடலாம் என்னும் அச்சம் அம்முடிவுக்கு ஒரு காரணம். அம்முடிவு சரியா என்பது இன்றும் படையியல் அறிஞரிடையே விவாதத்திற்குரியது. படைவலிமை வேறு, அதனைப் பயன்படுத்தும் முடிவு வேறு; மக்களாட்சியில் அம்முடிவைப் படை எடுப்பதில்லை, மக்கள் தேர்ந்தெடுத்த அரசே எடுக்கிறது.

1965ஆம் ஆண்டுப் போரில் அர்ஜன் சிங் தலைமையில் படை முழு அளவில் ஈடுபட்டது. 1971 டிசம்பர் 14ஆம் நாள் ஸ்ரீநகர்த் தளத்தைப் பகை விமானங்கள் தாக்கின. ஓடுபாதையில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதே நிர்மல்ஜித் சிங் சேகோன் தம் சிறிய நாட் விமானத்தில் மேலெழுந்து தனித்துப் போரிட்டு உயிர் ஈந்தார். விமானப்படையில் பரம்வீர் சக்கர விருது பெற்றவர் இவர் ஒருவரே. இவர் பணியாற்றிய 18ஆம் படைப்பிரிவு 2020இல் கோவையை அடுத்த சூலூர்த் தளத்தில் தேஜஸ் விமானங்களைப் பெற்றது.

1999ஆம் ஆண்டுக் கார்கில் போரில் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடத்தலாகாது என்னும் ஆணைக்கு உட்பட்டே விமானிகள் போரிட்டனர். மிக உயர்ந்த மலைமுகடுகளில், குறுகிய வான்வெளிக்குள் இலக்கைத் தாக்குவது கடினமான பணி. வலிமையோடு கட்டுப்பாடும் படைக்கு இன்றியமையாதது என்பதை அப்போர் உணர்த்தியது.

அமைப்பு

குடியரசுத் தலைவர் முப்படைகளின் தலைமைத் தளபதியாவார். விமானப்படையின் தலைவர் ஏர் சீஃப் மார்ஷல் என்னும் பதவி வகிப்பவர். தலைமையகம் புதுதில்லியில் உள்ளது. அதன்கீழ் ஏழு கட்டளையகங்கள் இயங்குகின்றன. மேற்கு, கிழக்கு, மத்திய, தென்மேற்கு, தெற்குக் கட்டளையகங்கள் ஐந்தும் வான்காவலுக்குரியவை. பெங்களூரில் பயிற்சிக் கட்டளையகமும் நாக்பூரில் பராமரிப்புக் கட்டளையகமும் அமைந்துள்ளன. கட்டளையகத்தின்கீழ்த் தளங்களும், தளங்களில் ஸ்குவாட்ரன் எனப்படும் படைப்பிரிவுகளும் உள்ளன.

வானில் பறப்பவர் ஒருவர் எனினும் அவரைத் தாங்கி நிற்போர் பலர். ரேடார் திரையைக் கண்ணிமைக்காமல் நோக்குபவர், இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர், வானிலையைக் கணிப்பவர், ஓடுபாதையைத் துப்புரவாக வைப்பவர் ஆகிய அனைவரும் ஒரு பறத்தலில் பங்குடையவர். ஓடுபாதையில் கிடக்கும் ஒரு சிறு கல் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டால் விமானமே பழுதாகிவிடும்.

தமிழ்நாட்டிலும் இப்படைக்கு முக்கியத் தளங்கள் உள்ளன. விமானப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி தாம்பரத்தில் இயங்குகிறது. தஞ்சாவூர்த் தளத்தில் 2020ஆம் ஆண்டு முதல் சுகோய்-30 விமானங்களின் படைப்பிரிவொன்று இந்தியப் பெருங்கடற் பகுதியைக் காத்து வருகிறது.

பேரிடரில் உறுதுணை

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கார் நிகோபார் விமானப்படைத் தளத்தையே சிதைத்தது. படையினரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தம் இழப்பின் நடுவிலும் எஞ்சியோர் தீவு மக்களை மீட்கும் பணியில் இறங்கினர். 2013ஆம் ஆண்டு உத்தரகண்ட் வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோரைப் படையின் ஹெலிகாப்டர்கள் மீட்டன; அம்முயற்சியில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியதில் மீட்புப் பணியாளர் 20 பேர் உயிரிழந்தனர். 2015ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தின்போது மொட்டைமாடிகளில் தவித்தோரை இப்படையினர் தூக்கிக் காத்ததும், உணவுப் பொட்டலங்களை இட்டதும் நாம் அறிந்ததே.

தன்னிறைவும் எதிர்காலமும்

பிற நாட்டிடமிருந்து விமானம் வாங்கும் நாடு, அதன் உதிரி உறுப்புகளுக்கும் அந்நாட்டையே எதிர்பார்க்க நேரும். நெருக்கடிக் காலத்தில் அவை மறுக்கப்பட்டால் விமானங்கள் தரையிலேயே முடங்கும். இதனை உணர்ந்த இந்தியா, மாருத் என்னும் போர் விமானத்தை உருவாக்கி 1961இல் முதன்முறையாகப் பறக்கவிட்டது. ஏற்ற ஆற்றலுடைய இயந்திரம் கிட்டாமையால் அது எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. 2001இல் முதன்முதலில் பறந்த தேஜஸ் உள்நாட்டு வடிவமைப்பே எனினும் அதன் இயந்திரம் அமெரிக்காவிலிருந்தே வருகிறது. 1963 முதல் பணியாற்றிய மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றன. அவற்றின் இடத்தை நிரப்புவதும், இயந்திரத்தை நாமே படைப்பதும் இன்று நம்முன் உள்ள பெரும்பணிகள். அப்பணிகள் ஆய்வகங்களிலும் தொழிற்கூடங்களிலும் நிகழ வேண்டியவை. இயற்பியலும் கணிதமும் உலோகவியலும் கற்கும் இளைஞரின் கைகளில் உள்ளவை.

1990களில் பெண்கள் விமானிகளாகச் சேர்க்கப்பட்டனர். 2016இல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் போர் விமானப் பிரிவில் பணியமர்த்தப்பட்டனர். முப்பாலாருக்கும் அன்று, திறனுக்கே இடம் என்னும் நிலையை நோக்கிப் படை நடந்து வருகிறது.

போர் நிகழாமல் காப்பதே ஒரு படையின் தலையாய வெற்றியாகும். விழிப்புடைய வானில் பகைவர் நுழையத் தயங்குவர். நாம் அச்சமின்றி உறங்கும் இரவுகளில் எங்கோ ஓர் ஓடுபாதையின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன என்பதை நினைவிற் கொள்வோம்.

கற்பவை கற்றபின்

1. 1962ஆம் ஆண்டுப் போரில் தாக்கும் விமானங்களைப் பயன்படுத்தாத முடிவு குறித்து, ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் பகுதியில் விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவரைச் சந்தித்து, தரைப்பணியாளரின் ஒருநாள் கடமைகளைக் கேட்டறிந்து எழுதுக.
3. ‘வான் அரணும் தன்னிறைவும்’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.